ஓடிப்போனான்மேடு

மழை என்றால் சும்மா மழை இல்லை. போடிமெட்டைத் தாண்டி உடும்பஞ்சோலைப் பக்கம் போகிற பாதையில், எதிரே வருவது ஜீப்பா மாடா என்று முட்டிய பிறகுதான் தெரியும், அப்படி ஒரு மழை. அந்த மழையில் வளைவு திரும்பிய நிமியின் ஸ்கூட்டர் எதன் மேலோ ஏறி, வழுக்கி, அவளை ஒரு பக்கமும் தன்னை ஒரு பக்கமுமாகப் போட்டுவிட்டது.

எழுந்து உட்கார்ந்தாள். கை, கால் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால்... கறுப்புக் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தவள் திகைத்துப் போனாள். ஆட்டுப் புழுக்கை. ரோடு முழுக்க ஆட்டுப் புழுக்கை.

சற்றுத் தள்ளி ஒரு லாரி பின்கதவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. விழுந்து கிழிந்த மூட்டைகளுக்கு நடுவிலிருந்து குடையோடு ஒருவன் ஓடி வந்தான்.

"ஏனுங்க... அடி ஏதாச்சும் பட்டுருச்சுங்களா?"

நிமிர்ந்து பார்த்தாள். இமையில் மழைத்தண்ணீர் சொட்ட, தன் வீட்டுப் பிள்ளை விழுந்துவிட்டது போலப் பதறிய கண்கள். நல்ல கண்கள்தான்... அதற்காகத் திட்டாமல் விட முடியுமா?

"அடி படல. புழுக்கைதான் பட்டிருக்கு. நடுரோட்டுல வெள்ளாமை வைக்கப் போறீகளோ?"

"கதவுக் கொக்கி கழண்டு போச்சுங்க. ஏலத்தோட்டத்துக்கு எருவுங்க இது. பாலக்காட்டுக்குக் கெழக்க இருந்து ஏத்திட்டு வாரமுங்க."

"எருவை ஏலத்துக்குப் போடணும். எனக்கு எதுக்குப் போடுறீக? நான் வளந்து முடிச்சாச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இன்னும் வாங்கிக்கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டான். குடை முழுவதும் அவள் தலைக்கு மேலே இருந்தது, அவன் வெளியே நின்று தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான். 'ஆளு மோசமில்ல...' என்று நினைத்த மறுநொடியே நிமிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவன் பெயர் மோகனசுந்தரம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டம், ஆட்டுப்பட்டி, சொந்த லாரி. இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. எரு வாங்குகிற எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது, எங்கே நிற்கிறாய் என்று. அவன் கையால் போனை மூடிக்கொண்டு கேட்டான்.

"இந்த எடத்துக்கு என்ன பேருங்க அம்மிணி?"

"ஓடிப்போனான்மேடு."

"ஏனுங்க, வெளையாடறீங்களா?"

"ஏன், ரேஷன் கார்டுல கூட அப்பிடித்தான் இருக்கு. சொல்லிப் பாருங்க, உடனே ஆள் வரும்."

சொன்னான். ஆள் வருவதாகச் சொன்னார்கள். அவன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

வளைவில் ஜோபியின் சாயாக்கடை இருந்தது. மழை விடுகிற வரை அங்கேதான் ஒதுங்க வேண்டும். கடைக்கு எதிரே, மலைச்சரிவை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு கல்குவியல் பாசி பிடித்துக் கிடந்தது. மோகனின் பார்வை அங்கே போனதும் நிமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சும்மாவா... வார்டு மெம்பர் ஜிபி, ஒவ்வொரு இடத்துக்கும் பேர் வந்த கதையைப் போர்டில் எழுதி வைக்கப் போகிறார். எழுதித் தருகிற வேலை நிமிக்கு. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்கு அவள்தான் மேட், பெண்களைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறவள். அவளுக்குத் தெரியாத பேர் அந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது.

"அங்கிட்டு ஒரு வளைவு இருக்கு, துரைச்சி வளைவு. வெள்ளைக்காரத் துரையோட பொஞ்சாதி அந்த எடத்துல பல்லக்க விட்டு எறங்க மாட்டேன்னு அடம் புடிச்சிருக்கா, கீழ அட்டை கடிக்கும்னு. அதுக்குக் கீழ உப்புக்கரைஞ்சான் ஓடை. ஒருத்தன் உப்பு மூட்டையோட ஓடையில விழுந்து, எந்திரிக்கும்போது வெறுஞ்சாக்கோட எந்திரிச்சான்."

"செரிங்க... இங்க ஓடிப்போனது யாருங்க?"

"உங்க பக்கத்து ஆளுதான்." நிமி சாயாவை ஊதிக்கொண்டே சொன்னாள். "காட்ட வெட்டி ஏலச்செடி வச்ச காலம். பொதிமாட்டுல அரிசியும் வத்தலும் ஏத்திக்கிட்டு மலை ஏறி வருவான் ஒருத்தன். எங்கப்பாவோட அத்தை, சிசிலின்னு பேரு... அவங்களுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போச்சு. ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன், கோயில்லயே கட்டிக்கிறேன்னு சொன்னான். நாளும் குறிச்சாச்சு. போடிக்குப் போயிட்டு வந்துர்றேன்னு மாட்டோட எறங்கினவன்தான்... சந்தையில மாட்ட வித்துட்டு, அப்பிடியே கம்பிய நீட்டிட்டான். சிசிலிப்பாட்டி கல்யாணச் சீலையோட கோயில் வாசல்ல நின்னுச்சு, பொழுது சாயுற வரைக்கும். எங்க தாத்தா இதே வளைவுல மாலையும் கையுமா நின்னு நின்னு பாத்துட்டு, ஒரு கல்ல எடுத்துக் காறித் துப்பி எறிஞ்சாரு. அதுதான் மொதக் கல்லு."

"மிச்சக் கல்லு?"

"இங்க எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும், கோயில்ல இருந்து வரும்போது அவ ஒரு கல்லு போடணும். கட்டினவன் ஓடிப் போகாம இருக்க. போட்டாத்தான் கல்யாணம் முடிஞ்ச மாதிரி."

மோகன் சிரிக்கப் போனான். "அந்த ஆளுக்குப் பேரு இல்லீங்களா?"

"இருக்கே. சென்னியப்பன்."

கண்ணாடி கிளாஸ் அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து சிதறியது. ஜோபி எட்டிப் பார்த்தான். நிமி கால்களை மேலே தூக்கிக்கொண்டாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"பேரு... என்னன்னு சொன்னீங்க?"

"சென்னியப்பன். ஏங்க, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லீங்க... குளுருங்க." அவன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். விரல் அறுத்து ரத்தம் வந்தது கூட அவனுக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய ஆளுக்கு இந்தக் குளிர் தாங்கவில்லையே என்று நிமி அன்றைக்கு நினைத்தாள். அசட்டுப் பெண்.

அந்த மழைக்காலம் முழுக்க எரு லோடு வந்துகொண்டே இருந்தது. அந்த எஸ்டேட்டுக்கு அத்தனை எரு எதற்கு என்று ஜோபிக்கே சந்தேகம். லோடு வருகிற நாளாகப் பார்த்து நிமிக்கும் வளைவில் ஏதாவது வேலை வந்துவிடும். ஓடையை அளக்க வேண்டும், வேலியைப் பார்க்க வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் ஸ்கூட்டரில் காற்று குறைந்திருக்கும்...

"காத்து நெறைய இருக்குதுங்களே அம்மிணி" என்பான் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு.

"உங்க கைக்கு அப்பிடித் தெரியும். எங்க ரோட்டுக்கு இது பத்தாது" என்பாள் இவள்.

அவன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது அவளுக்கு. எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. ஆட்டைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவான் போல. எல்லாவற்றுக்கும் சிரிப்பான், ஒன்றைத் தவிர. ஊர்ப் பேர்க் கதையை எடுத்தால் மட்டும் அந்தக் கண்கள் வேறு பக்கம் போய்விடும்.

"போர்டுல அந்தாளு பேரப் போட்டே ஆவோணுங்களா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"சரித்திரம்னா பேரு இல்லாம எப்பிடி? ஊரு பாக்கட்டும், நல்லா."

அவன் எழுந்து லாரிக்குப் போனான்.

பிறகு ஜெஸ்னாவின் கல்யாணம் வந்தது. நிமியோடு படித்தவள், உயிர்த்தோழி. கோயிலிலிருந்து ஜீப்புகள் வரிசையாக வந்து வளைவில் நின்றன. மணமகள் இறங்கினாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த ஜெஸ்னாவின் கையில், நிமிதான் பார்த்துப் பொறுக்கின கல்லைக் கொடுத்தாள். ஜெஸ்னா எறிந்தாள். குவியலில் பட்டு டக்கென்று சத்தம் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். லாரியை ஓரங்கட்டிவிட்டு நின்றிருந்த மோகன், அந்தக் கல் தன் மேலேயே பட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நிமி அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள், தலையில் மல்லிகை இருந்தது, மனசு தரையில் இல்லை. அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரு நாளைக்கு நானும் எறியணும்ல..." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "அன்னைக்கு நீங்க இப்பிடித் தள்ளி நிக்காம... பக்கத்துல நிக்கணும்."

சொல்லிவிட்டாள். வெட்கப்படுவான், சிரிப்பான், ஏதாவது ஒரு 'ங்க' சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்கள் நிறைந்திருந்தன.

"ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாரனுங்க. உங்கப்பாகிட்டப் பேசோணும்" என்று மட்டும் சொன்னான்.

பெண் கேட்கத்தான் வருகிறான் என்று எந்தப் பெண்ணும் நினைப்பாள். நிமியும் நினைத்தாள். சனிக்கிழமை முழுக்க வீட்டைக் கழுவினாள்.

நிமியின் அப்பா பாஸ்கல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி இறந்த பிறகு மகளும் அரை ஏக்கர் ஏலமும்தான் அவருக்கு உலகம். எருக்காரப் பையன் வருகிறான் என்றதும் அவருக்கும் சந்தோஷம்தான். மதம் வேறாக இருக்கிறதே என்ற நெருடல் இருந்தது... ஆனாலும் பையன் மரியாதை தெரிந்தவன், பேசிக்கொள்ளலாம் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி."

"சொல்லிப்போடறனுங்க. அதுக்கு அப்பறமும் உக்காரச் சொன்னீங்கன்னா உக்காந்துக்கறனுங்க." அவன் நின்றுகொண்டே சொன்னான். "அந்த சென்னியப்பன்... எங்க தாத்தாவோட அண்ணனுங்க."

நிமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். காப்பித் தட்டு கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாஸ்கல் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க அத்தை என் கையிலதான் உசுர விட்டுச்சு தம்பி. கடைசி வரைக்கும் கல்யாணம் கட்டல. அது வாழ்ந்த வாழ்க்கைய நான் பாத்தவன்... நீங்க போயிருங்க. கை நீட்டுற பழக்கம் எனக்கு இல்ல."

"ஒரே ஒரு வார்த்தைங்க. அவரு ஊட்டுக்குத் திரும்பி வரவே இல்லீங்க. மலையில ஒரு புள்ளையக் கூட்டிட்டு ஓடிட்டாருன்னுதான் எங்களுக்குச் சொல்லி வெச்சாங்க. அவரு உசுரோட இருக்கறப்பவே தலமுழுகிப் போட்டாங்க எங்க சனம். அவரு பேர எந்தக் கொழந்தைக்கும் வெக்கறதில்லீங்க."

"பொய். இங்கயும் இல்ல, அங்கயும் இல்லன்னா ஒரு ஆளு ஆவியா போயிட்டானா?"

நிமிதான் முன்னால் வந்தாள். அவளுக்குள் ஓடியது வேறு கணக்கு.

"மொத நாளே தெரியுமா? சாயாக்கடையில நான் கதை சொன்னப்பவே?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுக்கிட்டே இவ்வளவு நாளா... நான் அந்த ஆளைத் திட்டத் திட்டப் பக்கத்துல உக்காந்து கேட்டீங்களா? ஏங்க சொல்லல?"

"சொன்னா நீங்க பேச மாட்டீங்கன்னு பயந்துட்டனுங்க."

பயம். அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. நேற்று முன்தினம் வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டது, தோழிக்குப் பொறுக்கிக் கொடுத்த கல், கழுவி வைத்த வீடு... எல்லாம் சேர்ந்துகொண்டது.

"ஓடி ஒளியிற புத்தி உங்க ரத்தத்துலயே இருக்கு" என்றாள்.

மோகன் அடிபட்டவன் போல நின்றான். அப்புறம் பாஸ்கலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அடுத்த வாரம் லோடு வந்தது. வேறு டிரைவர். அதற்கு அடுத்த வாரமும் வேறு டிரைவர்தான். போன் இவளும் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை.

"பாத்தியா... வரல" என்றார் பாஸ்கல் ஒரு நாள்.

"ஓடிட்டான்" என்றாள் நிமி. சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதாள்.

மழை ஓய்ந்தது. வளைவில் ரோட்டை அகலப்படுத்திப் போர்டை நட வேண்டும், குவியலைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று மெம்பர் ஜிபி சொன்னார். வேலைக்கு வந்த பெண்கள் கூடையை வைத்துக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருத்தியும் குவியலைத் தொடவில்லை. கல் போடுவதுதான் வழக்கம். எடுத்த வழக்கம் கிடையாது.

"எடுத்தா எவ புருசன் ஓடுவானோ... எனக்கு வேணாம் தாயி" என்றாள் மாரீஸ்வரி. கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் அதிகம்.

"எனக்குத்தான் புருசன் இல்லையே. நான் எடுக்கேன்" என்றாள் நிமி. அந்தக் குவியலின் மேல் அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு ஆத்திரம். அதன் கதையைச் சொல்லித்தானே எல்லாம் தொடங்கியது... முதல் கல்லை எடுத்து ஓரமாக வீசினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மதியத்துக்குள் குவியல் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. அடியில் இருந்தது பொறுக்கி எறிந்த கல் இல்லை. மலையிலிருந்து மண்ணோடு சரிந்து வந்த பெரிய பாறைத் துண்டுகள். என்றைக்கோ ஒரு மழையில் உருள் பொட்டி மலைச்சரிவு இறங்கியிருக்கிறது. அந்தச் சரிவின் மேலேதான் இத்தனை காலமும் கல் விழுந்திருக்கிறது. கடப்பாரை போட்டு ஒரு பாறையை நெம்பிப் புரட்டினார்கள்.

மாரீஸ்வரி கூடையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். வாய் அதிகமுள்ள அவளுக்குக் குரலே வரவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

மண்ணில் மனிதக் கை எலும்பு. விரல்கள் மூடியபடி இருந்தன.

பெண்கள் நெற்றியிலும் நெஞ்சிலும் குருசு போட்டுக்கொண்டார்கள். யாரோ விசும்பத் தொடங்கினார்கள். நிமி முட்டி போட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி, மண்ணில் கறுத்துப் போய் ஒரு வெள்ளி அரைஞாண் கிடந்தது. அந்த மூடிய விரல்களுக்கு அடியில் ஏதோ மஞ்சளாக மின்னியது. மற்றதெல்லாம் மக்கியிருந்தது, அது மட்டும் நேற்றுச் செய்தது போல இருந்தது. ஒரு சின்னத் தாலி. சிலுவை... சிலுவைக்குக் கீழே, ஒரு ஏலக்காய்.

நிமிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ போய் பாஸ்கலைக் கூட்டி வந்தார்கள். அவர் வந்தார், குழியைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை சொல்லும்..." என்றார் பாஸ்கல். "சிலுவைக்குக் கீழ ஒரு ஏலக்காய் வச்சுத் தருவியான்னு வெளையாட்டாக் கேட்டுச்சாம். செஞ்சு கொண்டாரேன்னு போனானாம். அதுக்குத்தான்... அதுக்குத்தான் மாட்ட வித்திருக்கான்."

வளைவில் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது, ஜோபி ஓடிப்போய் நிறுத்தினான்.

சென்னியப்பன் ஓடவில்லை. போடியிலிருந்து தாலியோடு மலை ஏறி வந்திருக்கிறான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மழையில் இந்த வளைவில் மலை அவன் மேல் இறங்கியிருக்கிறது. மறுநாள் மாலையோடு வந்து நின்ற மைத்துனன், நிமியின் தாத்தா, அந்தப் புது மண்ணின் மேலேயே நின்று, அந்த மண்ணிலிருந்தே ஒரு கல்லைப் பொறுக்கி, அவன் தலைமேலேயே எறிந்திருக்கிறான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மணப்பெண்ணும்... நிமியின் அம்மாவும், ஜெஸ்னாவும். ஜெஸ்னாவுக்குக் கல் எடுத்துக் கொடுத்த கையை நிமி விரித்துப் பார்த்தாள். அந்தக் கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"எத்தனை கல்யாணம்..." என்று பாஸ்கல் முனகிக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று மகளை நிமிர்ந்து பார்த்தார். "அத்தை மட்டும் ஒரு நாளும் எறியலடி. எல்லாக் கல்யாணத்துக்கும் வரும், ஓரமா நிக்கும். வருவான், வருவான்னு சொல்லும். அதுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நாங்க சிரிப்போம்."

அழாத மனிதர் அவர். அன்றைக்கு ஊர் முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.

போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், எலும்புகளைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லட்டும். மேட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் இல்லை. போர்டு வேலையை மெம்பர் நிறுத்தி வைத்தார். ஊருக்கு என்ன பேர் வைப்பது என்று ஜோபியின் கடையில் பேச்சு நடந்தது, யாருக்கும் பழைய பேரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

நிமிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. எழுபது வருஷக் கதையில் ஒரே ஒரு விஷயம்தான் அவளைப் போட்டு வதைத்தது. ஒரு ஆள் வரவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. மழை பெய்திருக்கிறது, மலை சரிந்து கிடக்கிறது... ஆனாலும் ஒருத்தருக்குக்கூட அவனைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றவில்லையே. ஓடிவிட்டான் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. அவளும் அன்றைக்கு அப்பாவிடம் அதே வார்த்தையைத்தானே சொன்னாள்?

மறுநாள் காலையிலேயே புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, நான் கொழிஞ்சாம்பாறை போறேன். போன்ல சொல்ற விஷயம் இல்ல இது."

பாஸ்கல் ஒன்றும் கேட்காமல் சட்டையை எடுத்து மாட்டினார். "ஒத்தையில போக வேணாம். சொல்ல வேண்டிய கடன் எனக்கும் இருக்கு" என்றார்.

போடி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது. பனைமரமும் தென்னையும் நிற்கிற செம்மண் தடத்தில் விசாரித்து விசாரித்துப் போனார்கள். வாசலில் வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்தார். மோகனின் தாய் மருதாத்தாள்.

"யாருங்க? வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றவர், ஊர்ப் பேரைக் கேட்டதும் சட்டென்று நின்றுவிட்டார். மகன் எந்த ஊரிலிருந்து முகம் செத்துத் திரும்பினான் என்று அவருக்குத் தெரியும்.

பாஸ்கல் வாசலிலேயே கையைக் கூப்பினார். "அம்மா... உங்க வீட்டு ஆளு சென்னியப்பன் ஓடலம்மா. தாலி செஞ்சு எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரு. எங்க வளைவுல மண்ணு சரிஞ்சு... அங்கனக்குள்ளயே கெடந்திருக்காரு. நாங்கதான்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கல்லைப் பற்றி நிமிதான் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல், ஜெஸ்னாவின் கல்யாணம் வரைக்கும்.

மருதாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "ஏஞ்சாமி... தலமுழுகிப் போட்டமே. உங்களுக்குக் கல்லுன்னா, எங்களுக்குத் தண்ணிங்க. நாங்களுந்தான தேடாம உட்டுப்போட்டோம்."

உள்ளேயிருந்து மோகன் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. இளைத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. சுவரில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"எலும்பக் குடுப்பாங்க" என்றார் பாஸ்கல். "உங்க முறைப்படி எங்க வைக்கணும்னு சொல்றீங்களோ..."

மருதாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எந்த ஊட்டுக்குப் போவோணும்னு கெளம்புனாரோ, அங்கயே வெச்சிருங்க. அந்தம்மாவுக்குப் பக்கத்துல எடமிருந்தா பாருங்க. நாங்க எல்லாரும் வாரமுங்க."

சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று, எழுந்து போக வேண்டியதுதான். பாஸ்கல் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போதுதான் நிமி, தான் நினைத்து வைத்திருந்த எதுவும் வாயில் வராமல், நேராக மோகன் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ரத்தத்தப் பத்திச் சொன்னது."

"உடுங்க அம்மிணி... நானும் சொல்லாம மறைச்சது தப்புதானுங்களே."

"இருங்க, முடிக்கல." என்றாள் அவள். "நீங்க வரல. வரலைன்னதும் ஓடிட்டீகன்னு நானே சொன்னேன். எங்க ஆளுக செஞ்ச அதே தப்பு. தேடாம, கேக்காம... அத நான் இன்னொரு தடவை செய்ய மாட்டேன். நீங்க எங்க போயி உக்காந்தாலும் நான் தேடி வருவேன். அதான் வந்திருக்கேன். எனக்கு உங்களத்தான் கட்டிக்கணும்."

பாஸ்கலின் துண்டு தோளிலிருந்து கீழே விழுந்தது. மருதாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரையும் பெற்றவர்கள் முன்னால், முன்பின் போகாத வீட்டு வாசலில், ஒரு பெண் இப்படியா கேட்பாள்? கேட்ட பெண்ணே அதிர்ந்துபோய்த்தான் நின்றாள். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

மோகன் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா..." என்றார் மருதாத்தாள், அழுகையும் சிரிப்புமாக. "அத்தன தூரம் பஸ்ஸேறி வந்து கேக்குது அந்தப் புள்ள. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்டா."

"தெனமும் கெளம்பறனுங்க" என்றான் மோகன். அவளை மட்டும் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக. "லாரிச் சாவியக் கையில எடுத்துப்போட்டு... உங்க மூஞ்சியில முழிக்க மொகமில்லாம மறுக்கா வெச்சுப்போடுவனுங்க. இனி வெக்க மாட்டனுங்க."

அவன் கையை நீட்டினான். நிமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்கல் குனிந்து துண்டை எடுத்து, தட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைய எதுக்குப் பாக்குற?" என்றார் கரகரத்த குரலில். "புடிச்சுக்க. விட்றாத."